கிளி சொல்லாது, எச்சம் சொல்லும்

"நேற்று மாலை வரை நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் கூண்டின் அடியில் சுருண்டு கிடக்கிறது." பறவை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உண்மையில், நேற்று மாலையும் அது நன்றாக இருந்திருக்காது. சோர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் நிற்க முடிகிற வரைக்கும் நோயை மறைப்பது பறவையின் சுபாவம். அது வெளிப்படும்போது பாதி நேரம் கடந்திருக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்? பகலிலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, தானியத்தை உடைத்துத் தின்பது போலக் காட்டிவிட்டு உமியோடு கீழே போடுவது. இறகு மெலிவை மறைத்துவிடும். ஆகவே, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 90 கிராம் கொக்கடீல் 9 கிராம் குறைந்தால், அது 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம்.

கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் எச்சமும் பேசும். அதில் பச்சையோ பழுப்போ ஆன மலம், வெள்ளை யூரிக் அமிலம், தெளிந்த நீர் என மூன்று பகுதிகள் உண்டு. வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்கலாம். அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஸ்ரீ கெம்பாங்கான்வாசிகளுக்குப் பக்கத்திலேயே செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நாய், பூனை மட்டுமல்ல, பறவைகளையும் அங்கே பார்க்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவர் உடனே பறவையைப் பிடிக்க மாட்டார். தூர நின்று அது மூச்சு விடுவதைக் கவனிப்பார். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும். இரத்தம் எடுப்பதிலும் கணக்கு உண்டு. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் எடுக்கலாம். 35 கிராம் லவ் பேர்ட்ஸுக்கு அது சில சொட்டுகள்.

சிகிச்சையில் மருந்துக்கு முன்னால் வருவது வெப்பம். நம் நாட்டு வெயிலில் வெப்பமா என்று சிரிக்க வேண்டாம். பறவையின் உடல் சூடு 40 டிகிரிக்கு மேல். ஏர்கோன் அறையில் நோயுற்ற பறவை குளிரோடு போராடியே சக்தியை இழக்கிறது. பிறகு திரவமும் குழாய் வழி உணவும். அதன்பின் மருந்து.

கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கரைத்து வைப்பது இங்கே பரவலான பழக்கம். நோயுற்ற பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது. அளவு எப்படி அமையும்? சில பறவைகள் மெலிந்துகொண்டே போவதற்குக் காரணம் வயிற்றில் வளரும் ஒரு பூஞ்சை. பாக்டீரியா என்று பல காலம் கருதப்பட்ட அதற்கு 2003-இல்தான் பூஞ்சைக்குரிய பெயர் சூட்டினார்கள். அதனிடம் ஆன்டிபயாடிக் எடுபடாது.

மனிதருக்கும் தொற்றும் நோய் சிட்டகோசிஸ், அதாவது கிளிக்காய்ச்சல். 1929-30-இல் விற்பனைக்கு வந்த கிளிகள் வழியே இது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிப் பலர் இறந்தார்கள். காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தாலே போதும். தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் சோதனையில் கண்டுபிடிக்கலாம். டாக்சிசைக்ளின் மருந்து வழக்கமாக 45 நாள். கிருமி உயிரணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால், பறவை தெளிந்துவிட்டதென்று பத்தாம் நாள் நிறுத்தக்கூடாது. அந்த நாட்களில் கணவாய் ஓட்டைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

கூண்டைத் துடைக்கும்போது ஈரத்துணியும் முகக்கவசமும் தேவை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டு இருமல் என்று கிளினிக்குக்குப் போனால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.