முகம் கொடுத்தவரின் பங்கு

ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்து, அவற்றுள் தேர்ந்த சிலவற்றை மட்டும் வரையறுத்த பிரதிகளாக அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் கையொப்பமும் இட்டுக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைக்கும் முறை இன்று நுண்கலைப் புகைப்படம் என வழங்குகிறது. கொல்லிமலையில் நாடு எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளுள் ஒன்றான குண்டனி நாடு போன்ற ஊர்கள் இக்கலைக்கு மிளகுக்கொடி ஏறிய மரங்களும் பனிமூட்டமும் நிறைந்த பின்னணியாக மட்டும் நிற்குமா, அல்லது படைப்பில் பங்கு பெறுமா என்பது இன்னும் தீராத வினாவாகும்.

இவ்வினாவின் வேர் காலனிக் காலத்தில் உள்ளது. மரச்சட்டத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் நூல் கட்டி, அக்கட்டங்களின் முன் மனிதரை நிறுத்தி உடலளவைக் கணிக்கும் முறையை 1869இல் ஜான் லாம்ப்ரே வெளியிட்டார். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் பேசும், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் குறித்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909இல் வந்தபோது, அவற்றின் பல படங்களுக்குக் கீழே ஆள்பெயர் இல்லை, சாதிப்பெயரே இருந்தது. பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய வரிசையில், அத்தகைய கட்டத்திரையின் முன் தாமே பழங்குடிப் பெண் வேடத்தில் நின்று அந்த அளவையியலை எள்ளினார். கூர்மையான எள்ளல்தான் எனினும், அதிலும் மலைப்பெண் நேரில் வரவில்லை.

அவ்விடைவெளியைப் பெரிதும் குறைத்தவை புகைப்படக் கலைஞர் கௌரி கில்லின் இரு பணிகள். மகாராட்டிரத்தின் தஹாணு வட்டாரத்தில் 2013இல் தொடங்கிய முதல் பணியில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளை நிலக்காட்சிகளின்மீது, கேமராவுக்குத் தென்படாத தெய்வங்களையும் பஞ்சத்தையும் காடழிவையும் வார்லி ஓவியர் ராஜேஷ் வங்கட் மைகொண்டு வரைந்தார். படைப்பும் இருவர் பெயரிலேயே காட்சிக்கு வந்தது. ஜவ்ஹார் பகுதியில் 2015 முதல் நடந்த இரண்டாவது பணியில், விழாவுக்கான தெய்வ முகமூடிகளைக் காகிதக்கூழால் செய்துவந்த சுபாஷ் கடு, பகவான் கடு சகோதரர்கள் அன்றாட வாழ்வின் உணர்வுகளுக்கும் பொருள்களுக்கும் விலங்குகளுக்கும் முகமூடி செய்தனர். ஊரார் அவற்றை அணிந்து தத்தம் வேலைகளையே நடித்துக் காட்டினர். முகமூடிக்குள் இருப்பவரை இனமாதிரியாக யாரும் அளக்க முடியாது என்பது இதன் நுட்பம். குண்டனி நாட்டில் ஒரு பணி அமையுமாயின், நிலத்தின் கதையை அறிந்தவர் அதனை எழுதவும் வரையவும் இடம்விடும் இந்த முறையே அதற்கு ஏற்ற முன்மாதிரி.

வாடிப்பட்டிப் புகைப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கின்போது தம் தலித் குடும்பத்தையே படைப்பாக்கியது மற்றொரு வழி. அங்கே எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே வீட்டார்.

ஆனால் கூட்டுப்பணி என்னும் சொல் காட்சிச்சுவரில் எளிதாக ஏறிவிடும். விற்பனை ரசீதில் அது ஏறுவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதனை எடுத்தவரே. ஸ்டுடியோவில் பணம் கொடுத்துப் படமெடுத்துக்கொள்பவர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் ஆகிறார். விலையின்றித் தம் முகத்தைக் கொடுத்த மலைப்பெண்ணுக்கு அச்சட்டத்தில் உரிமை ஏதுமில்லை. ஆகவே பணி தொடங்கும் முன்பே, படத்தில் இருப்பவர் விரும்பினால் அவர் பெயர், விற்பனையில் ஒரு பங்கு, ஊருக்கென எண்ணிட்ட ஒரு பிரதி, வேண்டாமெனில் படத்தைத் திரும்பப் பெறும் வழி ஆகியவற்றைத் தமிழில் எழுதிப் படித்துக்காட்டி ஒப்பம் பெறுதல் வேண்டும்.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்பட உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. முப்பத்தைந்து வயதுக் கலைஞர் எழுபத்தைந்து வரை வாழ்ந்தால், இன்று குண்டனி நாட்டில் எடுக்கப்படும் பாட்டியின் படத்தை எவர் இசைவும் கேளாமல் ஊர்த் திருவிழா மலரில் அச்சிட, அப்பாட்டியின் வழிவந்தோர் ஏறத்தாழ நூறாண்டுகள் காத்திருக்க நேரும்.