தாங்கல், ஏந்தல், கொள்ளிடம்: ஊர்ப் பெயரில் இருக்கும் தண்ணீர்

இந்த எபிசோடில் ஊர்ப் பெயர்களின் பின்பாதியைப் பற்றிப் பேசப் போறேன். முன்பாதிக்குத்தான் எல்லா ஊரிலும் ஒரு கதை இருக்கும். பின்பாதியை யாரும் கவனிக்கிறதில்லை.

வேடந்தாங்கலை எடுத்துக்குங்க. வேடர்கள் தங்கின இடம்னு சொல்வாங்க. ஆனா ‘தங்கல்’ வேற, ‘தாங்கல்’ வேற. தாங்கல் என்றால் பாசனத்துக்கான சிறிய ஏரி. ஓடிவரும் தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது. அந்த ஊருக்கு அடையாளமே ஏரிதானே! சென்னையின் பழவந்தாங்கலிலும் இதே சொல்தான் இருக்கு.

ஏந்தலும் அப்படித்தான். மழைத்தண்ணியைக் கையேந்தி வாங்குற மாதிரி வாங்கி வைக்கும் ஏரி. ஊருணி என்பது ஊர் உண்ணும் நீர், குடிக்க மட்டும். அதில் மாடு குளிப்பாட்ட விடமாட்டாங்க. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பாசன ஏரிக்குப் பெயர் கண்மாய், பேச்சில் கம்மாய். எந்தத் தண்ணி எதுக்குன்னு பெயரிலேயே பிரிச்சு வச்சிருக்காங்க.

ஆற்றுக்கும் இது பொருந்தும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. காவிரியில் மிஞ்சும் வெள்ளத்தை வாங்கிக் கொள்ளும் இடம், அதனால் கொள்ளிடம் என்பார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். இன்றைக்கும் உபரி வெள்ளம் போறது அந்த வழியாத்தான். ஆங்கிலேயர்கள் அதைக் ‘கோலரூன்’ என்று எழுதினார்கள். ஓசை ஓரளவு மிஞ்சியது, ஆறு செய்யும் வேலை பெயரிலிருந்து காணாமல் போயிடுச்சு.

இதெல்லாம் இப்போ எதுக்கு? ஏரி மேடாகி மனையான பிறகும் ஊர்ப் பெயர் மாறுறதில்லை. பள்ளமும் மாறுறதில்லை. பெருமழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும்.

பெயரை மட்டும் வச்சு முடிவு பண்ணிடக் கூடாது. ஒரு ஊரின் பெயர் பக்கத்து நிலங்களுக்கும் பரவியிருக்கலாம். ஆனா தாங்கல், ஏந்தல், குளம், ஏரின்னு முடியும் ஊரில் மனை பார்க்கப் போனா, அந்த நீர்நிலை எங்கே இருந்ததுன்னு ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்க. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்குன்னு பாருங்க. முன்பணம் கொடுக்குறது அதுக்கப்புறம்.

உங்க ஊர்ப் பெயர் எப்படி முடியுது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.