சொற்கேளாமை: சிற்றூர்ச் சிறார் நடத்தை பற்றிய ஒரு சொல்லாய்வு

சிறாரின் நடத்தைக் குறையைச் சுட்டச் சிற்றூர் மக்கள் வழங்கும் சொற்கள் சில, கால்நடை வாழ்வோடு தொடர்புடையன. ஏரிற் பூட்ட இசையாத காளையும் உண்ண மறுக்கும் பிள்ளையும் ஒருங்கே ‘முரண்டு பிடிப்பன’ ஆகும். இவ்வழக்கின் பழமையைக் கலித்தொகை 51ஆம் பாட்டிற் காணலாம். மணல்வீட்டை உதைத்தழித்து, தலைமாலையைப் பிய்த்து, பந்தைப் பறித்தோடிய சிறுவனைத் தலைவி ‘சிறுபட்டி’ என்கின்றாள். பட்டிமாடு என்பது காவலின்றித் திரிந்து பிறர் பயிரை மேய்வது. இத்தகைய சொற்கள் யாவும் பிள்ளையின் உள்ளத்துச் செருக்கையே குறையாகக் கொள்வன. உடலை நோக்குவன அல்ல.

இவற்றுள் ‘சொற்கேளாமை’ தனியே ஆராய்தற்குரியது. ‘கேள்’ என்னும் வினை செவியுறுதலையும் ஏற்று நடத்தலையும் ஒருசேரக் குறிக்கும். வள்ளுவர் ‘கேள்வி’ அதிகாரத்தில், நன்மொழியால் துளைக்கப்படாத செவி ஒலியை உணரினும் செவிடே என்பர். சிற்றூரில் நிகழ்வதோ இதன் மறுதலை. ஒலியை உணராத செவியுடைய பிள்ளை, நன்மொழியை ஏலாத பிள்ளையாக எண்ணப்படுகின்றது.

இது நிகழும் வகையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சளியால் அடைபடின், செவிப்பறையின் பின்னே நீர் தேங்கும். வலியின்றியும் சீழின்றியும் அது மாதக்கணக்கில் நிற்றலுண்டு. அந்நிலையில் அருகிருந்து முகம் நோக்கிக் கூறுவது கேட்கும். முதுகுப்புறத்திலிருந்து அழைப்பது கேளாது. சளி குறைந்தபொழுது செவி தெளியும், மீண்டபொழுது மங்கும். ‘தின்பண்டம் என்றால் கேட்கிறது, வேலை என்றால் கேட்கவில்லை’ என்று தாய் சினத்தல் இயல்பே. அவள் கண்டது பொய்யன்று, கொண்ட முடிவே பிழை. பள்ளியில் இப்பிள்ளை அடங்காதவன் எனக் கடைசி வரிசைக்கு அனுப்பப்படின், ஆசிரியர் குரல் இன்னும் தொலைவாகின்றது. கேளாதவன் அருகிலிருப்பவனைச் சீண்டுகின்றான். அதற்கும் அடி விழுகின்றது. சீழ் வடியும் காதில் எண்ணெய் வார்க்கும் பழக்கமும் உண்டு. செவிப்பறை துளைபட்டிருப்பின் அது தீங்கே.

மண் தின்னலும் இவ்வாறே வெறும் ‘கெட்ட பழக்கம்’ எனப்படுகின்றது. இரும்புச்சத்துக் குறைக்கும் இதற்கும் தொடர்புண்மை மருத்துவர் அறிந்தது. ஐந்து வயதிற்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் 67 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையர் என 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் கூறுகின்றது. ஆதலின் இதுவும் அடியால் தீர்வதன்று.

எல்லாச் சொற்கேளாமையும் செவிக்குறையால் வருவதன்று என்பது வெளிப்படை. பிள்ளைகள் பிடிவாதமும் உடையரே. ஆயினும் இரண்டையும் பிரித்தறியச் செவியைச் சோதித்தல் முதற்கண் வேண்டும். 2013இல் நடுவணரசு தொடங்கிய சிறார் நலத்திட்டம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இச்சோதனைக்கு இடமளித்துள்ளது. ஆனால், பிள்ளையை அங்கு நிறுத்தி ஐயத்தை எடுத்துரைக்கத் தாய்க்கு ஒரு சொல் வேண்டுமன்றோ? ‘செவிடு’ முழுக்குறையைச் சுட்டி வசையாகவும் நிற்பது. தன் பிள்ளைமேல் அதனை ஏற்ற எத்தாயும் கூசுவாள். அரைகுறையாகக் கேட்டலைக் குறிக்கக் ‘காது மந்தம்’ என்னும் நல்ல வழக்கு உண்டு. அதனைச் சிற்றூரார் பெரும்பாலும் முதியோர்க்கே உரித்தாக்கியுள்ளனர்.