எடைக்குப் போடாதீர்கள், பழைய இசைத்தட்டை!

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு சந்து. பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கிவிட்டார். ஒரு பக்கம் எடைக்கல். மறுபக்கம் கறுப்பு இசைத்தட்டுகள். தாத்தா சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. "பரண்ல இடத்த அடைக்குதுங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறார் பேரன்.

இப்படிப் போனவை எத்தனையோ! கன்டோன்மென்ட் காலத்து என்ஜினீயர் மர்பியின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்க் குரலைக் கொண்டுவந்தவை ரேடியோவும் கிராமபோனும்தான். கல்யாண வீட்டில் 'திருவிளையாடல்' (1965) வசனத் தட்டு முழங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்தத் தட்டுகளுக்கு இன்று என்ன மதிப்பு?

எந்தக் காலத்துத் தட்டு?

நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுவது பழைய தட்டு. அரக்கு கலந்து செய்தது. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு போல உடையும். ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம் பாடும். 45 சுற்று, 33 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வினைல் எல்.பி. தட்டு அமெரிக்காவில் 1948-ல் வந்தது.

பழசெல்லாம் பொன்னல்ல

வெற்றிப் படத்தின் தட்டு வீட்டுக்கு வீடு இருந்தது. இன்றும் கிடைக்கிறது, ஆகவே பெரிய விலை போகாது. அன்று விற்காமல் கிடந்ததுதான் இன்று அரிய சரக்கு.

சரண்ஜித் சிங் என்ற பம்பாய்க் கலைஞர் 1982-ல் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்துடன் பதிவு செய்தார். அன்று அதைச் சீந்துவாரில்லை. 2010-ல் ஐரோப்பாவில் மறுபதிப்பு வந்ததும் உலகமே வியந்தது. முதல் பதிப்புக்குக் கிராக்கி ஏறியது.

இன்னொன்று. மேல்நாடுகள் 78 தட்டைக் கைவிட்ட பிறகும், 1960-களில் இந்தியாவில் அது வெளிவந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78-ல் வந்தன. இங்கிலாந்தில் அவை அப்படி விற்பனைக்கு வரவில்லை. அதனால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள்.

பார்க்க வேண்டியவை

1. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் விலையைக் குறைக்கும்.

2. ஓரத்தில் விரிசலோ, வெயிலால் வளைவோ இருக்கிறதா?

3. அசல் உறை இருக்கிறதா? உறை போனால் மதிப்பில் பெரும்பங்கு போயிற்று.

4. நடுக் காகிதத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பா, மறுபதிப்பா என்று கண்டுபிடிக்க அது உதவும்.

5. ஓட்டிக் கேளுங்கள். ஆனால் எல்.பி. ஊசியில் 78-ஐ ஓட்டாதீர்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

முதலில் வந்தவரிடமே கொடுத்துவிட வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். கடைக்காரர் சொல்லும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

பணத்துக்கு அப்பால்

1930-களில் வந்த பல தமிழ்ப் படங்களின் பிரதிகள் இன்று இல்லை. சிலவற்றின் பாட்டு மட்டும் தட்டில் மிஞ்சியிருக்கிறது. 1933-ல், 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலை இன்று நாம் கேட்கிறோம் என்றால், யாரோ சிலர் தங்கள் வீட்டில் தட்டை உடையாமல் காப்பாற்றினார்கள் என்பதே காரணம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இசைத்தட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன.

ஆகவே தராசிலிருந்து தட்டுகளை இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை ஒருமுறை படியுங்கள். விற்பதா, வைப்பதா என்று பிறகு யோசிக்கலாம். உடைந்த பிறகு யோசிக்க ஒன்றும் இருக்காது.