பற்றாசுக்கோல் வாங்குவோர்க்கு

யாப்பிலக்கணம் பயின்ற பழைய மாணவர் ஆசிடை நேரிசை வெண்பாவை மறந்திருக்கமாட்டார். இரு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைக்குமிடத்து, முதற்குறளின் ஈறு தனிச்சொல்லோடு ஒட்டாது நிற்குமாயின், ஓரசையேனும் ஈரசையேனும் இடையிலிட்டு நிரப்புவர். அவ்வசைக்கு ‘ஆசு’ என்று பெயர். கம்மியர் உலோகத் துண்டுகளைப் பொருத்துதற்கு இடையில் வைத்து உருக்கும் பற்றாசு போன்றது அது என்பது யாப்பருங்கலக்காரிகை உரையிற் காணும் விளக்கம்.

இதனை வகுப்பிற் கூறியபொழுது, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்பிடியெண்டா சோல்டரிங் அயன்தானே பற்றாசுக்கோல்? மலிவா ஒண்டு வாங்கோணும். எது நல்லது?” என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரொறன்ரோவிலிருந்து மாமனார் கொணர்ந்து கொடுத்த கோல் அவன் கையில் ஐந்து நிமிடத்தில் எரிந்துபோன கதையை யான் முன்னரே அறிந்திருந்தேன். அடுத்த கோலை வாங்கவேண்டியது தாயார் தையலில் ஈட்டும் பணத்தில். அதுவும் எரியுமாயின் அவன் இலத்திரனியலைக் கைவிடுவான் என்பதும் எனக்குத் தெரியும்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு ஒரு சொல். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரமின்றி இருண்டது, மின்கலமும் தடைப்பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை எம்முடையது. எம் ஒழுங்கையில் வானொலி திருத்துபவர் ஒருவர் இருந்தார். செப்புநுனி பூட்டிய இரும்புக்கோலைச் சிரட்டைக்கரி நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரக் கட்டியில் உரைத்து, அறுந்த கம்பியை ஒட்டுவார். விசிறுவது என் பணி. கோல் சிவந்தாற் பிழை. ஈயம் நுனியில் வெள்ளிபோல் ஓடினாற் பதம். பத்து வயதில் யான் கற்ற அப்பாடம் இன்றும் மாறவில்லை.

மாறாமைக்குக் காரணமுண்டு. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் கலவாத வகைகள் 217 முதல் 227 பாகை வரை வேண்டுவன. கோலின் நுனி இவற்றினும் நூறு, நூற்றைம்பது பாகை கூடியிருந்தாற் போதும். அதற்கு மேற் சென்றால் உள்ளிருக்கும் ரோசின் கருகும். சுற்றுப்பலகையின் செப்புத்தடம் தோல்போல் உரிந்து வரும். ஆகவே, ‘உவாற்று கூடினாற் கோல் நன்று’ என்று கருதி 60 உவாற்றுச் சாதாரணக் கோலை வாங்குபவன் காசையும் பலகையையும் ஒருங்கே இழப்பான். திரான்சிற்றர், தடையி, மெல்லிய கம்பி ஆகியவற்றிற்கு 25 அல்லது 30 உவாற்றுப் போதும். வெப்பத்தைத் திருகிக் குறைக்கக்கூடிய 60 உவாற்றுக் கோல் வேறு சாதி. அதில் வலு இருப்பு; வேண்டியபோதே வெளிவரும். கையில் இன்னும் சிறிது பணமிருப்பின் அதனையே வாங்குக.

கனடாக் கோல் எரிந்தது ஏன்? அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ற்று, நம்முடையது 230. அழுத்தம் இருமடங்கை அணுகினால் வலு நான்மடங்கை அணுகும். 30 உவாற்றுக் கோல் இங்கே 110 உவாற்றாய்க் கொதிக்கும். செருகியின் உருவை மாற்றும் சிறு பெட்டி மின்னழுத்தத்தை மாற்றாது என்பதனை அம்மாமனாரும் எண்ணிப்பார்த்திலர். இலண்டனிலிருந்து வருவதற்கு இத்தொல்லையில்லை. எவ்வாறாயினும், அன்பளிப்பென்று மகிழுமுன் கைபிடியில் எழுதியுள்ள எண்ணைப் படித்தல் வேண்டும்.

கடையில் முதலிற் பார்க்கவேண்டியது விலையன்று, செருகி. மலிவான கோல்களிற் பல இரண்டு பின்னோடு வருகின்றன. அவற்றைச் சுவரிற் செருகுதற்கு மூன்றாம் துளையிற் பேனையைக் குத்தித் திறக்கும் வழக்கமொன்று நம் வீடுகளில் உண்டு. இதனை யான் வெறுக்கிறேன். உள்ளேயுள்ள காப்பு நைந்தால் மின்சாரம் நுனிக்கு வரும்; நுண்சுற்றுக்களைக் கெடுக்கும்; கையையும் தாக்கும். மூன்று பின்னும், கடைக்காரர் ‘ஏர்த்’ என்னும் புவித்தொடுப்பும் உடைய கோலையே கேளுங்கள். மல்ரிமீற்றர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு செல்க. கோலை மின்னிற் செருகாமலே நுனிக்கும் பெரிய பின்னுக்கும் இடையே அளந்தால் தடை ஓரிரண்டு ஓமுக்குள் இருத்தல் வேண்டும். நுனிக்கும் மற்றைப் பின்களுக்கும் இடையே தொடர்பு சிறிதும் இருத்தலாகாது. கடைக்காரர் முகஞ்சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இனி நுனி. மலிவுக் கோலின் மலிவு முழுவதும் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். வெறுஞ்செம்பு நுனி வெள்ளீயத்திற் கரைந்து குழிவிழும்; அரத்தால் அராவி அராவிப் பாவிக்கவேண்டும். செம்பின்மேல் இரும்பு பூசிய நுனி நெடுங்காலம் உழைக்கும். காந்தத்துண்டை அணைத்துப் பார்த்தால் வெறுஞ்செம்பு இழுபடாது. பூசிய நுனியை ஒருபோதும் அராவற்க, மண்கடதாசியும் தொடற்க. ஈரப் பஞ்சு போதும். தேய்ந்த நுனிக்கு மாற்று நுனி அதே கடையிற் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். யப்பானின் ஹக்கோ நிறுவனத்தார் வழக்கிற் கொணர்ந்த 900 வகை நுனியை மலிவுக் கோல்கள் பலவும் ஏற்கின்றன. 2022 இல் ரூபா வீழ்ந்தபின், நுனிக்காக முழுக்கோலையும் எறிவது கட்டாது. ஊசிபோன்ற நுனி கண்ணுக்கு அழகு. ஆனால் வெப்பம் கடத்தாது. உளிபோல் தட்டையானது தொடக்கக்காரனுக்கு நன்று.

கோலில் மிச்சம்பிடித்த காசில் நல்ல பற்றாசு வாங்குக. ரோசின் உள்ளீடுடைய, ஒரு மில்லிமீற்றர் அல்லது அதனினும் மெல்லிய கம்பி வேண்டும். தகரவேலைக்குரிய அமிலக்களிம்பு மின்சுற்றை நாளடைவில் அரித்துவிடும். நவச்சாரமும் அவ்வாறே; எம் ஒழுங்கையார்க்கு வேறு வழியிருக்கவில்லை. எழும் புகை ரோசினுடையது, தொய்வுக்காரருக்கு ஆகாது. யன்னலைத் திறந்துவைத்து வேலைசெய்க. காரீயம் கையிலே ஒட்டும்; கை கழுவாமல் உணவில் தொடற்க.

அம்மாணவன் மூன்று பின் கொண்ட 30 உவாற்றுக் கோலொன்றை வாங்கிவிட்டான். கடையில் அளந்தும் பார்த்தானாம். சென்ற கிழமை பலகையைக் கொணர்ந்து காட்டினான். இருபது பொருத்துக்களுள் பதினேழு பளபளத்தன. மூன்று மங்கித் திரண்டிருந்தன. கோலால் ஈயத்தைக் காய்ச்சியிருக்கிறாய், காய்ச்சவேண்டியது கம்பியையும் தடத்தையும் என்றேன். அம்மூன்றையும் மீண்டும் செய்துவரப் பலகையைக் கொண்டுபோயிருக்கிறான்.