பலாலி: யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் இது. 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து புறப்பட்ட ஏர் சிலோனின் முதற் பயணம், காங்கேசன்துறை எனப்பட்ட இந்நிலையத்தில் தரித்தே சென்னை சென்றது.

1990இல் உள்நாட்டுப் போர், இந்நிலையம் அமைந்த வலிகாமம் வடக்கு மக்களைப் பெயர்த்தெறிந்தது. சுற்றியிருந்த செம்மண் தோட்டங்களும் வீடுகளும் கிணறுகளும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அந்தக் குடும்பங்களின் இழப்பைச் சொல்லாமல் இந்நிலையத்தின் வரலாற்றை எழுதக் கூடாது.

2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் குறைவாக இருந்ததால் சென்னையிலிருந்து வந்தவை சிறிய ஏடிஆர் விமானங்களே. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பர் 12இல் மீண்டது.

திறப்பு நாளில் வைத்த பெயர்ப்பலகையில் முதல் வரி தமிழ்.