காற்றை விரட்டும் ஒளி

அம்மை கண்ட உடம்பின் அரிப்புக்குத் தடவும் காலமைன் லோஷனில் ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. பெயர் துத்தநாக ஆக்ஸைடு. அதைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படிய வைத்து, பென்சில் முனையின் கிராஃபைட்டிலிருந்து பிரித்த ஓர் ஏட்டைச் சேர்த்தால், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரைக் காட்டிக்கொடுக்கும் உணரி தயார்.

ஏன் இந்தப் பொடி? அதற்குள் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் விடுபட்டு ஓட, சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதை ‘ஆற்றல் இடைவெளி’ என்பார்கள். ஒளி துகள் துகளாக வருகிறது. நீல ஒளித்துகளிடம்கூட 3க்கும் குறைவாகத்தான் இருக்கும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஒன்பது ரூபாயோடு ஆயிரம் பேர் வந்தாலும் ஒருவரும் உள்ளே போக முடியாது அல்லவா? அலைநீளம் சுமார் 375 நானோமீட்டருக்குக் கீழே போனால்தான் கதவு திறக்கும். சிலிக்கானின் இடைவெளி வெறும் 1.1. அது கண்ணுக்குத் தெரியும் எல்லா ஒளிக்கும் அசைந்துகொடுப்பதால், அதற்கு வடிகட்டி மாட்ட வேண்டியிருக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இருட்டில் இந்தப் படலத்தின்மேல் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. சும்மா ஒட்டுவதில்லை, படலத்தில் திரியும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்சாரம் மங்குகிறது. புறஊதாக் கதிர் பட்டதும் ஓர் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான ‘மின்துளை’யும் பிறக்கின்றன. மின்துளை மேற்பரப்புக்குப் போய், ஆக்ஸிஜன் பறித்து வைத்திருந்த எலக்ட்ரானை மீட்கிறது. பிடி விட்ட ஆக்ஸிஜன் காற்றோடு போய்விடுகிறது. ஜோடியை இழந்த புது எலக்ட்ரானோ படலத்திலேயே தங்கி ஓடுகிறது. மின்னோட்டம் பல மடங்கு எகிறுகிறது. ஒளியை அளக்கும் கருவிக்குள் காற்றுக்கும் ஒரு வேலை! வாயுக்களை மோப்பம் பிடிக்கும் உணரிகளும் இதே பொடியில் செய்யப்படுவதில் வியப்பில்லை.

இதிலேயே ஒரு வம்பும் உண்டு. கதிர் நின்றாலும், ஆக்ஸிஜன் ஆற அமரத் திரும்பி வந்து ஒட்டினால்தான் மின்னோட்டம் தணியும். அதற்குச் சில நேரம் நிமிடக்கணக்கில் ஆகும்.

இன்னொரு வம்புக்குக் கைகொடுப்பது, முதலில் சொன்ன ஏடான கிராஃபீன். கார்பன் அணுக்களின் ஒற்றை அடுக்கு அது; 30 லட்சம் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் மான்செஸ்டரில் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து, 2004இல் உலகுக்குக் காட்டினார்கள். 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒளியில் 2.3 சதவீதத்தைத்தான் அது உறிஞ்சும், நிறமும் பிரித்தறியாது. ஒளியைக் காண்பதில் மந்தம். எலக்ட்ரான்களைக் கடத்துவதில் மன்னன். ஆக்ஸைடு எழுப்பிவிடும் எலக்ட்ரான்கள் மின்துளையோடு மீண்டும் சேர்ந்து வீணாகும் முன்பே அவற்றை வாங்கிக் கடத்திவிடுகிறது.

செய்முறையில் ஆடம்பரம் இல்லை. துத்தநாக அசிடேட்டை ஆல்கஹாலில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுழற்றுவார்கள். பிறகு சூடேற்றினால் அசிடேட் சிதைந்து, ஆக்ஸைடு படிகங்கள் மிஞ்சும். கிராஃபீனுக்கோ, கிராஃபைட்டை அமிலத்தில் ஆக்ஸிஜனேற்றினால், நீரில் கலையும் பழுப்பு நிற கிராஃபீன் ஆக்ஸைடு கிடைக்கும். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. வெப்பமோ, வைட்டமின் சி-யோ அந்த ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைக் களைந்தால் கறுத்துப்போய்க் கடத்தத் தொடங்கும்.

துத்தநாகத்துக்குப் பதில் காலியம் ஆக்ஸைடு போட்டால் டிக்கெட் விலை 4.8 ஆக ஏறும். 280 நானோமீட்டருக்குக் கீழான கதிருக்குத்தான் அது அசையும். சூரியனின் அந்தக் கதிரை ஓசோன் மேலேயே மடக்கிவிடுகிறது. தீச்சுவாலையோ அதைப் பக்கத்திலிருந்தே உமிழ்கிறது. ஆகவே உச்சிவெயிலில் வைத்தாலும் இந்த உணரிக்குச் சூரியன் தெரியாது, தீ தெரியும்.